இறங்கும்போது ஏன் வலிக்கிறது?

நெடுந்தூர ஓட்டப் பந்தயத்துக்காக, ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்கு நாள்தோறும் ஓடிப் பழகுகிறீர்கள். ஒரு ஞாயிறன்று மலைக்கோட்டைக்குப் போகிறீர்கள். ஏறும்போது சும்மா இருந்த முழங்கால், இறங்கும்போது வலிக்கிறது. விந்தையாக இல்லையா?

முழங்காலின் முன்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்குள்ள சில்லு, தொடை எலும்பின் பள்ளத்தில் வழுக்கிச் செல்கிறது. கால் மடங்க மடங்க, தொடைத் தசை சில்லைப் பள்ளத்தோடு அழுத்துகிறது. ஏறும்போது பின்கால் உந்தி உதவும். இறங்கும்போதோ, மேற்படியில் உள்ள கால் நன்றாக மடங்கியபடியே முழு உடலையும் மெதுவாகக் கீழே இறக்கவேண்டும். தசை நீண்டுகொண்டே 'பிரேக்' போடுகிறது! அப்போது சில்லின்மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப்போல் சுமார் 3 மடங்கு. 50 கிலோ மாணவனுக்கு 150 கிலோ!

ஓடும்போதும் இதே கதைதான். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,000 அடிகள். தூரத்தைத் திடீரென்று கூட்டினால் மூட்டு என்ன செய்யும்? சிலர் புதுக் காலணி வாங்கக் கிளம்புவார்கள். முதலில் சென்ற மாதம் எவ்வளவு ஓடினீர்கள் என்று பாருங்கள்.

அதற்காகப் படுத்துவிட வேண்டாம். தூரத்தைக் குறைத்து, அடியைச் சிறிதாக வையுங்கள். வலிக்காத அளவுக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து தொடைத் தசையை வலுவாக்குங்கள். முழங்கால் வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.