மாதிரிப் புகையிரதமும் பின்னற் சந்தியும்

மாதிரிப் புகையிரதம் சிறுவர்க்கு விளையாட்டுப் பொருளாகவே முதலில் வாங்கிக் கொடுக்கப்படுகின்றது. ஆயின் அதனை நேரசூசிப்படி ஓட்டிப் பார்க்க முனைவோர்க்கு அது பொறியியலின் முதற் பாடமாகிவிடுகின்றது. பல மாத உழைப்பில் அமைத்த நிலையத்தின் வாயிலில், பார்க்க வந்தோர் முன்னிலையில், பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடம்புரளும்போது மாணவர்தம் ஊக்கம் குன்றிப் போவதை நாம் கண்டிருக்கின்றோம். பழி பெரும்பாலும் அங்குள்ள பின்னற் சந்தியின் மேற் சுமத்தப்படும். பின்னல் தன்னளவிற் குற்றமுடையதன்று. அளவுகளின் ஒவ்வாமையே அனேகமாகக் காரணம் என்பதை இங்கே விளக்க முயல்வோம்.

ஒரு பாதை இரண்டாகப் பிரியுமிடத்தை ஆங்கிலேயர் 'பொயின்ற்' என்பர். நாம் பிரிதடம் என்போம். இரு பாதைகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்லுமிடம் சாய்சதுரக் குறுக்கு. அச்சாய்சதுரத்தினுள்ளே அசையும் நாக்குத் தண்டவாளங்களைப் பொருத்தி, வண்டி நேரே செல்லவும், வேண்டியபோது மற்றப் பாதைக்கு வழுவிச் செல்லவும் வகை செய்தால் அது 'சிலிப்' எனப்படும். ஒரு புறம் மாத்திரம் வழுவ இடமிருப்பின் ஒற்றைச் சிலிப். இரு புறமுமாயின் இரட்டைச் சிலிப். இரட்டைச் சிலிப்பில் நாக்குகள் எட்டு; கூர்ங்கோணச் சந்திப்பு இரண்டு; விரிகோணச் சந்திப்பு இரண்டு. இரண்டு பிரிதடங்களை நுனியோடு நுனி சேர்த்தாற் கிடைக்கும் நான்கு வழிகளையும் இது ஏறக்குறைய அரைவாசி நீளத்தில் தந்துவிடுகின்றது.

இடம் மிச்சமாகின்றது என்பதற்காகவே இதனைக் கண்ட இடமெல்லாம் பதித்தல் தகாது. 1957ஆம் ஆண்டில் சிறில் பிறீசர் என்பார் 'றெயில்வே மொடலர்' என்னும் ஆங்கில இதழில் 'மினோறிஸ்' என்ற நிலையத் திட்டமொன்றை வெளியிட்டார். மூன்று மேடைகளைக் கொண்ட அச்சிறு முடிவிடத்தில், எந்த மேடைக்கும் வண்டி வரலாம். எந்த மேடையிலிருந்தும் புறப்படலாம். அதன் வாயிலில் உள்ளவையோ சாதாரணப் பிரிதடங்கள் மாத்திரமே. பின்னல் எதுவுமின்றி இத்துணை வசதியைப் பெற்றமையாற்றான் அத்திட்டம் இன்றும் பலராற் பின்பற்றப்படுகின்றது. எனவே தாளில் வரைந்து பார்த்து, வேறு வழியில்லை என்று கண்ட பின்னரே இரட்டைச் சிலிப்பை நாடுவது நன்று.

நாடியபின் முதலில் அளக்க வேண்டியது தண்டவாளத்தையன்று, சில்லுகளை. பிரித்தானிய மாதிரிகளுள் மிகுதியாக வழங்கும் 'ஓ ஓ' வகையில் ஓர் அடி நான்கு மில்லிமீற்றராகச் சுருக்கப்படுகின்றது. அக்கணக்கின்படி அவர்தம் நாட்டுப் பாதையின் அகலம் 18.83 மில்லிமீற்றராதல் வேண்டும்; வழக்கிலிருப்பதோ 16.5. (நம் நாட்டின் ஐந்தடி ஆறங்குல அகலப் பாதைக்கு அதே கணக்கில் 22 மில்லிமீற்றர் வரும். ஆகவே கடையில் வாங்கும் பாதையில் நம்மூர் யாழ்தேவியை ஓட்டுவோர் அந்த வேறுபாட்டைக் கண்டும் காணாதவர் போலிருத்தல் வேண்டும்.) ஓர் அச்சிலுள்ள இரு சில்லுகளின் உட்புறங்களுக்கிடையேயுள்ள தூரம் இவ்வகையிற் பெரும்பாலும் 14.5 மில்லிமீற்றரை ஒட்டியிருக்கும். இத்தூரம் குறைந்தால் சில்லுகள் காவற்றண்டவாளத்தில் நெருக்குண்டு மேலேறும். கூடினால், காவற்றண்டவாளம் சில்லைத் தக்க இடத்தில் இழுத்துப் பிடிக்க மாட்டாது. எதிர்ச் சில்லின் விளிம்பு சந்திப்பின் கூர்முனையில் மோதும். சாதாரணப் பிரிதடம் இத்தகைய பிழையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இரட்டைச் சிலிப் பொறுப்பதில்லை. வேணியர் இடுக்கிமானியுடன் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு எல்லாப் பெட்டிகளையும் அளந்து திருத்துவோர்க்குத் தொல்லையிற் பெரும்பகுதி அன்றே தீர்ந்துவிடும்.

எஞ்சும் தொல்லை விரிகோணச் சந்திப்பில் உள்ளது. அங்கே சில்லு ஓர் இடைவெளியைக் கணப்பொழுது வழிகாட்டியின்றிக் கடக்கின்றது. வெட்டுக்கோணம் சிறுத்தால் அவ்விடைவெளி நீளும். மெய்யான புகையிரதத்திலும் இவ்வபாயம் உண்டு. எட்டுக்கு ஒன்று என்ற சாய்விலும் சிறிய கோணமாயின் அசையாத குறுக்கை விடுத்து, அவ்விடத்திலும் நாக்குகளை அமைப்பது பிரித்தானியப் பொறியியலாளரின் வழக்கம். மாதிரியிலும் நீண்டு அழகாகத் தோன்றும் சிலிப்பினும் சற்றுக் குறுகியதே சிறிய சில்லுடைய பெட்டிகளைச் செவ்வனே கடத்தும்.

மின்னோட்டத்தைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். இரு தண்டவாளங்களும் நேர், மறை மின்னைச் சுமப்பன. கூர்முனையிலோ அவை ஒன்றையொன்று நெருங்குகின்றன. முனையைக் காவலிட்ட பிளாஸ்ரிக்காகச் செய்தால் நான்கு சில்லு எஞ்சின் அதன்மேல் மின்னின்றி நின்றுவிடும். அன்றியும், அகன்ற சில்லொன்று இரு தண்டவாளத்தையும் ஒருங்கே தொட்டுக் குறுஞ்சுற்று உண்டாக்கலாம். பழைய நேரோட்ட முறையில் அது ஒரு பொறியோடு போய்விடும். இக்காலத்து இலக்கமுறைக் கட்டுப்பாட்டிலோ அவ்வட்டாரத்து வண்டிகளனைத்தும் நின்றுவிடும். தொடுமிடத்தில் ஒரு துளி நகப்பூச்சு இட்டால் இது தீருமென்பது பலர் கைகண்ட மருந்து. முனையை உலோகமாகவே வைத்து அதன் மின்முனைவை ஆளியொன்றால் மாற்றுவது இதனினும் மேலான முறை. இரட்டைச் சிலிப்பில் இங்கேதான் மாணவர் தடுமாறுகின்றனர். இடப்புற நாக்குகள் வண்டி வலப்புறத்தில் எப்பாதையில் வெளியேறும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆதலால் வலப்புறக் கூர்முனையின் ஆளியை இடப்புற மோட்டரே இயக்குதல் வேண்டும். இடப்புறத்ததை வலப்புற மோட்டர் இயக்கும். அந்தந்தப் பக்கத்து ஆளியை அந்தந்தப் பக்கத்து மோட்டருடன் பூட்டினால், நான்கு வழிகளுள் இரண்டில் எல்லாம் சரியாக ஓடி, மற்ற இரண்டிற் குறுஞ்சுற்று நேரும். நாக்கு தண்டவாளத்தைத் தொடுவதொன்றையே நம்பி அதற்கு மின்னூட்டுவதும் நிலைக்காது. தூசி படிந்ததும் தொடர்பு அற்றுவிடும்.

சந்தியைச் சமதளத்தில், கைக்கெட்டும் தூரத்தில் அமைக்க வேண்டும். அடிப்பலகைகள் கூடுமிடமும் ஏற்றத்தின் அடிவாரமும் ஆகா. மாரிக்கால ஈரத்தில் நம் நாட்டுப் பலகை உப்பி, கோடையிற் சுருங்கும். ஆகவே சந்தியை இறுக ஆணியடித்தல் கூடாது. ஆணி சற்று அழுந்தினாலே கட்டை வளைந்து பாதை ஒடுங்கும். சல்லியை ஒட்டும் பசை நாக்கின் இழுகம்பியிற் சிறிதும் படலாகாது.

இறுதியிற் சோதனை. இழுத்துச் செல்லும் வண்டி பல பிழைகளை மறைத்துவிடும். தள்ளிச் செல்லும் வண்டியே அவற்றை வெளிக்காட்டும். ஆதலால் இலேசான பெட்டிகளை முன்னிட்டு எஞ்சினாற் பின்னிருந்து மிக மெதுவாகத் தள்ளுக. நான்கு வழிகள், ஒவ்வொன்றிலும் இரு திசைகள், ஆக எட்டுச் சோதனைகள். ஒரே பெட்டி எல்லா வழியிலும் புரண்டால் அதன் சில்லைப் பார்க்க. எல்லாப் பெட்டிகளும் ஒரே இடத்திற் புரண்டால் அப்போது மாத்திரம் அரத்தைக் கையிலெடுத்துச் சந்தியை அணுகுக.