தமிழ்ப் பாடம் என் பொறுப்பில்

என் பெரியம்மா மகளான அக்கா, தம் ஆறு வயது மகளைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க விரும்புகிறார். ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றையும் அக்காவும் அத்தானும் பிரித்துக்கொண்டனர். தமிழுக்குத் திட்டம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. “நீதானே உயர்தமிழ் எடுத்தே, தம்பி” என்றார் அக்கா.

வீட்டுக்கல்வி என்றால் பாடநூலும் தேர்வும் இல்லாத சுதந்திரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சிங்கப்பூரில் அப்படி இல்லை. 2003ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, இங்கு வசிக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகள் தொடக்கப்பள்ளிக்குச் செல்ல வேண்டும். வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். யார் கற்பிக்கப் போகிறார், எதைக் கற்பிக்கப் போகிறார் என்று திட்டம் கொடுக்க வேண்டும்.

பிஎஸ்எல்இ தேர்விலிருந்து விலக்கு இல்லை. தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது. அந்த ஆண்டு தேர்வெழுதும் மாணவர்களை மதிப்பெண்படி நிறுத்தினால், 100 பேரில் கீழிருந்து 33வது இடத்தில் இருப்பவருக்கு இணையாகவாவது பிள்ளை செய்திருக்க வேண்டும். 2021 முதல் ஒவ்வொரு பாடத்திற்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை தரப்படுகிறது. நான்கு பாடங்களின் கூட்டுத்தொகைதான் இறுதி மதிப்பெண். எனவே கணிதத்துக்கு எவ்வளவு எடையோ, தமிழுக்கும் அவ்வளவு எடை.

திட்டத்தை எழுத உட்கார்ந்தபோது ஒன்று தெளிவானது. வீட்டில் கற்பிக்க நான்கு பாடங்களில் மிகக் கடினமானது தமிழ்தான். கணிதத்திற்குப் பயிற்சி நூல்கள் குவிந்து கிடக்கின்றன. ஆங்கிலமோ தொலைக்காட்சியிலும் மின்தூக்கியிலும் விளையாட்டுத் திடலிலும் தானாகவே காதில் விழுகிறது. தமிழை நாம்தான் தேடிப் போக வேண்டும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசியவர்கள் 32.3 விழுக்காட்டினர். 2020ல் அது 48.3 விழுக்காடு. அதே பத்தாண்டுகளில் தமிழ் 3.3லிருந்து 2.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. அக்காவின் வீடும் இந்தக் கணக்கில் அடக்கம். பிள்ளைக்குத் தமிழ் புரிகிறது. ஆனால் பதில் ஆங்கிலத்தில் வருகிறது.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் நாளே ‘அ, ஆ’ எழுதும் ஏட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? தமிழில் 247 எழுத்துகள். பேசாத மொழியின் எழுத்துகளை மனப்பாடம் செய்வது அவளுக்குத் தண்டனையாகிவிடும். அதோடு, நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு. ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்று காதில் கேட்பது ஏட்டில் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ ஆகிறது. 2005ல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழுவும் வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தர வேண்டும் என்றே பரிந்துரைத்தது.

அதனால் முதல் ஆறு மாதத் திட்டத்தில் பேச்சுக்கே முதலிடம் தந்தேன். காலையில் இருபது நிமிடம் கதையும் பாட்டும். மாலையில் ஒரு வேலை: தேக்கா சந்தையில் காய்கறி வாங்குவது, பாட்டியுடன் தோசை சுடுவது, துணி மடிப்பது. அந்த வேலையில் வரும் ஐந்து சொற்கள்தாம் அன்றைய பாடம். வாரம் ஒரு முறை நூலகத்தில் அவளே தேர்ந்தெடுக்கும் இரண்டு தமிழ்ப் படக்கதைகள். எழுத்துகளை அகர வரிசையில் தொடங்காமல், எளிய கோடுகளால் ஆன ட, ப, ம, ய என்று தொடங்கலாம். ‘படம்’ என்பதற்குத் தேவை மூன்றே எழுத்துகள். ‘ட’வையும் ‘ப’வையும் கற்று, புள்ளி வைத்தால் ‘ம’ ‘ம்’ ஆகும் என்று தெரிந்துகொண்ட அன்றே அவள் ஒரு முழுச் சொல்லைப் படித்துவிடுவாள்.

இந்த அணுகுமுறை தேர்வுக்கும் பொருந்தும். பிஎஸ்எல்இ தமிழில் வாய்மொழித் தேர்வு உண்டு. காணொளி ஒன்றைப் பார்த்துத் தேர்வாளருடன் உரையாட வேண்டும். அதைக் கடைசி ஆண்டில் மட்டும் பயிற்சி செய்து சமாளிக்க முடியாது.

அக்காவுக்குத் திட்டம் பிடித்திருந்தது. பிறகு நான் இன்னொரு தாளைக் காட்டினேன். அது பெரியவர்களுக்கான கால அட்டவணை. அக்கா தினமும் மாலை ஒரு மணி நேரம் மகளிடம் தமிழில் மட்டுமே பேச வேண்டும். சாப்பாட்டு மேசையில் அத்தானும் அப்படியே. நான் சனிக்கிழமைகளில் வருவேன்.

“நாள் முழுக்க ஆங்கிலத்துல வேலை பார்த்துட்டு வர்றவரு. முடியுமாடா?” என்று கேட்டார் அக்கா.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் என் கவலையையும் சொன்னேன். பள்ளித் தமிழ் வகுப்பில் என்னோடு இருந்த நண்பர்களால்தான் என் தமிழ் நிலைத்தது. ஆசிரியர் கற்பித்தது பாதி, பின்வரிசையில் அரட்டை அடித்தது மீதி. அவளை வீட்டில் வைத்துக்கொண்டால் அந்த நண்பர்களை இழக்கிறாள். ஈடாக வீட்டுப் பெரியவர்கள் பேசியே ஆக வேண்டும். அதோடு, தமிழ் பேசும் இரண்டு மூன்று பிள்ளைகளாவது வாரந்தோறும் சேர்ந்து விளையாட வேண்டும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகள் நிறைய உண்டு. மற்ற பதினொரு மாதங்களுக்கு நாமே வழி தேட வேண்டும்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கல்வி அமைச்சுக்கு விண்ணப்பிக்கும் முன் ஆறு வாரம் பெரியவர்களின் அட்டவணையை மட்டும் கடைப்பிடித்துப் பார்ப்பது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் தாளை ஒட்டியிருக்கிறோம். தமிழ் பேசிய நாளுக்கு ஒரு சரி. ஆறு வாரத்தில் பாதி நாள்கூடத் தேறாவிட்டால், அவள் மற்ற பிள்ளைகளைப் போலப் பள்ளிக்குப் போவாள். இதில் அக்காவும் உறுதியாக இருக்கிறார்.

இப்போது மூன்றாவது வாரம். அக்காவின் கட்டங்களில் பதினொரு சரி, அத்தானுடையதில் ஏழு. சரி போடும் பேனா சிறுமியின் கையில் இருக்கிறது. நேற்று இரவு அத்தான் பாதிச் சாப்பாட்டில் ஆங்கிலத்துக்கு மாறியதும், “அப்பா, தமிழ்ல பேசுங்க, நான் சரி போடணும்” என்று அவள் சொன்னாளாம்.