நோயுற்ற பயிரைப் படம் பிடிப்பது எப்படி?

பூந்தமல்லி, திருமழிசை, நேமம் ஆகிய ஊர்களைச் சுற்றி வீட்டு மனைகள் பெருகிய பின்னரும் நெல், கீரை, மல்லிகை பயிரிடும் சிறு விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். பயிரில் நோய் கண்டால் செடியைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் பஸ் ஏறிய காலம் ஒன்று உண்டு. அலுவலர் பார்ப்பதற்குள் இலை வாடிச் சுருண்டுவிடும். இப்போது கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். படம் தெளிவாக இல்லாவிட்டால் இதிலும் பயனில்லை. "செடி மஞ்சளாகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்ற கேள்வியுடன் மங்கலான படம் ஒன்று வந்தால் எந்த நிபுணராலும் உறுதியாகப் பதில் கூற இயலாது. பதில் வராதபோது விவசாயி மருந்துக் கடைக்குப் போகிறார். அங்கே கொடுத்ததை அடிக்கிறார். பணம் போகிறது, நோய் போவதில்லை.

மல்லிகை மொட்டையே எடுத்துக்கொள்ளலாம். மொட்டு ஊதா நிறமாக மாறி உதிர்வதற்கு மொட்டுப்புழுவும் காரணமாகலாம், மொட்டு ஈயும் காரணமாகலாம். வெளியிலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஆகவே மொட்டைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து, உட்புறத்தைப் படம் எடுக்க வேண்டும். கறுத்த தலையுடன் பச்சை நிறப் புழு இருந்தால் அது மொட்டுப்புழு. மொட்டின் மேல் துளையும் காணப்படும். மொட்டின் அடிப்பாகம் தடித்து, உள்ளே காலில்லாத மிகச் சிறிய புழுக்கள் இருந்தால் அது மொட்டு ஈ. மொட்டு ஈ மண்ணில் கூட்டுப்புழுவாகிறது. எனவே செடியடி மண்ணையும் கவனித்தாக வேண்டும். மேலே மட்டும் மருந்து தெளித்துவிட்டு "கேட்கவில்லை" என்று சொல்வோர் அநேகர். பூப் பறிக்கும்போதே கெட்ட மொட்டுகளில் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால், விடிந்தபின் நிதானமாகப் படம் எடுக்கலாம்.

காலை 7 மணி முதல் 9 மணி வரையுள்ள வெளிச்சம் மிகவும் ஏற்றது. உச்சி வெயிலில் இலையின் மேற்பரப்பு பளபளத்து, புள்ளிகள் மறைந்துவிடும். அந்த நேரத்தில் எடுக்க நேர்ந்தால் குடையைப் பிடித்துச் செடியின் மேல் நிழல் விழச் செய்யலாம். நிழல் அதிகமாகிவிட்டால் எதிர்ப்புறத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும். கைப்பேசியின் ஃபிளாஷ் வேண்டியதில்லை. மல்லிகை வெண்மையான பூ. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே எடுக்கும்போது கேமரா மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கிப் பூவை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும். திரையில் பூவின் மேல் விரலால் தொட்டு, அருகே தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தால் இதழ் விவரம் தெரியும்.

லென்ஸில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருப்பதே பாதிப் படங்கள் மங்குவதற்குக் காரணம். பழைய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். மிக அருகே கொண்டுபோனால் படம் கலங்கும். அரைச் சாண் தூரத்தில் நிறுத்தித் திரையைத் தொட வேண்டும். அசுவினி, செஞ்சிலந்தி போன்ற நுண்ணியவற்றுக்கு, படிக்க உதவும் உருப்பெருக்கிக் கண்ணாடியை லென்ஸின் முன் பிடித்தாலே பெரிதாகத் தெரியும். இதற்கென விற்கும் கிளிப் லென்ஸும் உண்டு. அது இல்லாவிட்டாலும் குறையில்லை. சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல உறுப்புகளைத் தாமே இணைத்த கேமராவால் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். காற்றில் ஆடும் கிளையை ஒரு குச்சியில் கட்டி நிறுத்த வேண்டும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அல்லது நெல்மணி இருந்தால் பூச்சியின் அளவு விளங்கும்.

ஒரே படம் போதாது. வயல் முழுவதும், ஒரு செடி முழுவதும், பாதித்த உறுப்பு, இலையின் அடிப்புறம் எனத் தனித்தனியே எடுக்க வேண்டும். மஞ்சளாவது இளம் இலையா, முதிர்ந்த இலையா என்பது செடி முழுவதும் தெரியும் படத்தில்தான் புலப்படும். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறை என்று ஐயுறலாம். முதிர்ந்த இலை முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். நெல்லில் வட்ட வட்டமாகக் காய்ந்தால் மேலிருந்து எடுத்த படம் உதவாது. பயிரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரைப் படம் எடுத்தால்தான் புகையான் தெரியும். அங்கே இருட்டாக இருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடிக்கலாம்.

மருந்து தெளிக்கும் முன்பே படம் எடுத்துவிட வேண்டும். அசுவினிகளுக்கு நடுவே ஊரும், கறுத்து நீண்ட, முள் போன்ற மயிருடைய புழுவைக் கண்டு அஞ்சி மருந்தடிப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் பொறிவண்டின் புழு. அசுவினியைத் தின்று விவசாயிக்கு உதவுவது. தெளிவான படம் ஒன்று அந்தச் செலவை மிச்சப்படுத்தும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி விவரம் குறையும். 'டாக்குமென்ட்' என்ற பகுதி வழியாக அனுப்பினால் முழு அளவில் சேரும். பயிர் ரகம், வயது, கடைசியாக இட்ட உரம், அடித்த மருந்து ஆகியவற்றையும் எழுத வேண்டும். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய தேசிய பூச்சிக் கண்காணிப்புச் செயலி படத்தைக் கொண்டு பூச்சியை இனங்காண முயல்கிறது; அதற்கும் தெளிவான படமே தேவை.

பயிர்க் காப்பீடு செய்தவர்கள், தனி வயல் அளவில் மதிப்பிடப்படும் சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கான படங்களை எடுக்கும்போது இருப்பிடக் குறிப்பு பதியும்படி கைப்பேசியில் அமைத்துக்கொண்டு, வரப்பு, கிணறு, மின்கம்பம் ஏதேனும் ஒன்று படத்தில் விழும்படி நின்று எடுப்பது நல்லது. மழையில் கைப்பேசியைப் பாலிதீன் பையிலிட்டு லென்ஸ் பகுதியில் மட்டும் துளையிட்டுக்கொள்ளலாம்.

திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை இத்தகைய ஐயங்களுக்கு அணுகலாம். விவசாயிகள் அழைப்பு மையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-1551.