கழுத்துத் தேய்மானமா, மணிக்கட்டில் நசுங்கும் நரம்பா?

நடுராத்திரியில் கை மரத்துப்போய் தூக்கம் கலைகிறது. எழுந்து உட்கார்ந்து உதறினால் சற்று நேரத்தில் சரியாகிவிடுகிறது. நாள் முழுக்க தையல் மிஷினில் இருப்பவர்கள், பரோட்டாவுக்கு மாவு பிசைபவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரையோ தைராய்டு குறைவோ உள்ளவர்கள் இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். கூடவே, "ஸ்கேன்ல கழுத்து எலும்பு தேய்ஞ்சிருக்காம்" என்பதையும்.

உதறினால் தணிகிற மரமரப்பு என்றால் முதலில் மணிக்கட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். மணிக்கட்டின் உட்புறம், எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகலான பாதை ஒன்று உண்டு. அதற்குள் 9 தசைநாண்களோடு மீடியன் நரம்பும் நுழைகிறது. உள்ளே வீக்கம் வந்தால் நசுங்குவது நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும், சுண்டுவிரல் தப்பிக்கும். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டின் தோலும் மரக்காது, அங்கே போகும் கிளை அந்தப் பாதைக்குள் நுழைவதில்லை.

கழுத்தில் நரம்பு வேர் அழுந்தினாலும் இதே விரல்கள் மரக்கலாம். 6-வது வேர் கட்டைவிரல் பக்கம் வருகிறது, 7-வது நடுவிரலுக்கு. குழப்பமே இங்கேதான். ஆனால் கழுத்து வலி தோள்பட்டையிலிருந்து கீழே இறங்கும். அண்ணாந்து வலிக்கும் பக்கம் தலையைச் சாய்த்தால் கை வரைக்கும் சுரீரென்று இழுக்கும். கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் பலருக்குக் குறையும்.

என் கவலையெல்லாம் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றித்தான். 40 வயதைத் தாண்டினால் வலியே இல்லாதவர்களின் கழுத்து எம்.ஆர்.ஐ.யிலும் தேய்மானம் தெரிவது சகஜம். அந்த ஒரு வரியை நம்பி மாதக்கணக்கில் காலர் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அதற்குள் கட்டைவிரல் மேட்டுத் தசை வற்றிக் குழிவிழுந்துவிடுகிறது. அப்படி வற்றிய தசை பழையபடி திரும்புவது சந்தேகமே. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தால், ராத்திரியில் மணிக்கட்டை நேராகப் பிடித்து வைக்கும் பட்டையே பலருக்குப் போதும். முற்றினால் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் நார்ப்பட்டையை வெட்டிவிடும் சிறிய அறுவை சிகிச்சை. கழுத்து, மணிக்கட்டு இரண்டிலுமே நரம்பு அழுந்துவதும் உண்டு என்பார்கள் மருத்துவர்கள், அது உண்மைதான். அப்படியானால் இரண்டையும் பார்க்க வேண்டியதுதானே?

நடை தள்ளாடினாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ கழுத்தில் தண்டுவடமே அழுந்தியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி விரல்கள் மட்டும் மரத்தால், எந்த விரல், எந்த நேரம் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஸ்கேனுக்கு ஓடுமுன் அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டி, நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.