கண்ணும் கையும் கற்கும் கல்வி

“ஓவியம் படித்தால் பிழைப்புக்கு வழி உண்டா?” கல்விக் கடன் நாடி வரும் பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானதே. ஆயினும், கலைக்கூடத்தில் மாணவர் உண்மையில் எதைக் கற்கிறார் என்பதை அறிந்த பின்னரே அதற்கு விடை காண இயலும். மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதனிலுள்ள கலா பவனம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1919ஆம் ஆண்டு இரவீந்திரநாத் தாகூர் நிறுவிய இக்கல்விக்கூடத்தை நெடுங்காலம் வழிநடத்தியவர் நந்தலால் போஸ். அவர் மாணவரை நான்கு சுவர்களுக்குள் அடைத்துவைக்கவில்லை. மரத்தையும் மாட்டையும் வயலில் உழைக்கும் சந்தால் மக்களையும் நேரில் கண்டு வரையச் செய்தார். தாமே அஞ்சலட்டைகளில் படம் வரைந்து மாணவர்க்கு அனுப்பினார். ‘கருப்பு வீடு’ எனப்படும் விடுதியின் மண்சுவர்களில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே புடைப்புச் சிற்பங்களை வடித்துத் தார் பூசினர். ஆசிரியர் வேலை செய்வதை அருகிலிருந்து காண்பதே அங்கு முதற்பாடம்.

அங்குப் பயின்று அங்கேயே ஆசிரியரான ராம்கிங்கர் பைஜ், 1938இல் ‘சந்தால் குடும்பம்’ என்னும் பெருஞ்சிற்பத்தைச் சிமெண்டும் சரளைக்கல்லும் கொண்டு உருவாக்கினார். வெண்கலத்தையும் பளிங்கையும் நாடாமல், எளிய பொருளையே கலையாக்கிய துணிவு அது.

இக்கல்வியின் ஆழத்தை உணர்த்துவது பினோத் பிகாரி முகர்ஜியின் வாழ்க்கை. இளமை முதலே பார்வைக் குறையுள்ள அவர் கலா பவனத்தின் தொடக்ககால மாணவர், பின்னர் ஆசிரியர். 1946-47இல் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்காலத் துறவியரின் வாழ்வைத் தீட்டினார். 1950களில் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் எஞ்சிய பார்வையும் போயிற்று. ஓவியருக்கு இதனினும் பெரிய இழப்பு ஏது? ஆயினும், வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டியும், கைகளால் உருவங்களைப் பிசைந்தும், கலை வரலாறு கற்பித்தும் அவர் உழைப்பைத் தொடர்ந்தார். பல்லாண்டுப் பயிற்சி அவர் விரல்களில் நிலைத்திருந்தது. அவருடைய மாணவராயிருந்த சத்யஜித் ராய், 1972இல் ஆசிரியரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்.

பிழைப்பு பற்றிய கேள்விக்கும் இங்கு விடையுண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று, 1944இல் கலா பவனம் சேர்ந்த கே.ஜி. சுப்பிரமணியன், ஓவியத்தோடு நிற்கவில்லை. பரோடாவில் ஆசிரியராகவும் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துறையிலும் பணியாற்றினார், பொம்மைகள் செய்தார், குழந்தைகளுக்கு நூல்கள் படைத்தார். உற்றுநோக்கப் பழகிய கண்ணுக்கும் பொருளறிந்த கைக்கும் தொழில்கள் பல.

ஆதலின், பிள்ளையைச் சேர்க்குமுன் கட்டண விவரத்தோடு கலைக்கூடத்தையும் ஒருமுறை நேரில் பாருங்கள். அங்கே ஆசிரியரின் கையிலும் வண்ணம் படிந்திருக்கிறதா என்பதைக் கவனியுங்கள்.