கதவு திறந்திருக்கிறது, படிக்கட்டு எங்கே?

"கல்லூரிக் கதவைத் திறந்து வைத்துவிட்டோம், யாரும் உள்ளே வரலாம்" என்று பெருமை பேசும் நாடு அமெரிக்கா. பேச்சு பொய்யல்ல. கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பிய எவரும் சேரலாம். மதிப்பெண் தடையில்லை, சிபாரிசுக் கடிதம் தேவையில்லை. முதலிரண்டு ஆண்டுகளை அங்கே படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெறலாம். லாரி ஓட்டுபவர், ஓட்டலில் தட்டுக் கழுவுபவர், பழத்தோட்டத்தில் கூலிக்குப் பறிப்பவர் ஆகியோர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதுவே வழி.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், தோழர்களே, நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உள்ளே நுழைந்தவர்களில் எத்தனை பேர் மேல்மாடிக்குப் போய்ச் சேருகிறார்கள்?

அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால், இக்கல்லூரிகளில் சேருவோரில் பத்துக்கு எட்டுப் பேர் பட்டம் வாங்கும் ஆசையோடுதான் வருகிறார்கள். ஆறு ஆண்டுகளுக்குள் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களோ ஏறத்தாழ மூன்று பேர்! மற்ற ஐந்து பேர் எங்கே போனார்கள்? சோம்பேறிகளா? மூளையற்றவர்களா?

இந்த ஏற்பாடு பிறந்த கதையைப் பாருங்கள். 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், ஆறே மாணவர்களோடு முதல் பொதுக் கல்லூரி இவ்வகையில் தொடங்கியது. அதற்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். முதலிரண்டு ஆண்டுப் படிப்பை வெளியே அனுப்பிவிட்டால், பல்கலைக்கழகம் உயர் ஆராய்ச்சியைக் கவனிக்கலாம் என்பது அவர் கருத்து. அதே ஹார்ப்பர்தான் 1892-இல் தம் பல்கலைக்கழகத்தில் சமூகவியலுக்கென்றே தனித் துறை அமைத்தவர். ஏழைக்குக் கதவு திறந்ததும் உண்மை. கூட்டத்தைக் கீழ்த்தளத்தில் நிறுத்தியதும் உண்மை. ஒரே கை செய்த இரண்டு வேலை!

1960-இல் கலிபோர்னியா இதைத் திட்டமாகவே எழுதிவிட்டது. பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்குக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரிகள். மற்ற அனைவருக்கும் இரண்டாண்டுக் கல்லூரி.

அதே ஆண்டில்தான் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலார், சான் ஹோசே நகரத்து இரண்டாண்டுக் கல்லூரியை ஆராய்ந்து எழுதினார். யாரையும் அங்கே விரட்டுவதில்லை என்று கண்டார். நுழைவில் ஒரு தேர்வு. பிறகு ஆலோசகரின் யோசனை. அதற்குப் பிறகு எச்சரிக்கைக் கடிதம். "இது உனக்கு ஒத்துவராது, வேறு சிறு படிப்பைப் பார்" என்று பக்குவமாகச் சொல்வார்கள். மாணவன் தன் ஆசையைத் தானே சுருக்கிக்கொள்வான். கிளார்க் இதற்குச் "சூடு தணித்தல்" என்று பெயரிட்டார். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? மோசடிக் கும்பலின் பேச்சிலிருந்து! மூணுசீட்டுக்காரனிடம் பணம் தோற்றவன் போலீசுக்குப் போகாமலிருக்க, கும்பலில் ஒருவன் பின்தங்கி நின்று ஆறுதல் சொல்வானே, அந்த வேலைக்குப் பெயர் அது. அதை 1952-இல் ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தவர் எர்விங் காஃப்மன்.

இப்போது அந்தக் கல்லூரியில் சமூகவியல் படிக்கும் தொழிலாளி மகனை நினைத்துப் பாருங்கள். அவன் படிக்கும் பாடத்தின் பொருளே அவன்தான்! ஒருவனுக்கு வேலை இல்லையென்றால் அது அவன் தொல்லை; கோடிப் பேருக்கு இல்லையென்றால் அது சமுதாயத்தின் கோளாறு என்று சி. ரைட் மில்ஸ் 1959-இல் விளக்கியதை வகுப்பில் கேட்கிறான். பாடத்தில் வரும் புள்ளிக்கணக்கைத் தன் பெஞ்சில் எண்ணிப் பார்க்கிறான். செப்டம்பரில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மார்ச்சில் காணோம். "என் தலையெழுத்து" என்ற சொல் அவன் வாயிலிருந்து போய்விடுகிறது. இதைவிடப் பெரிய பாடம் உண்டா?

வெறும் ஞானம் போதுமா? போதாது. தடைகள் கண்ணுக்குத் தெரிபவை. 1984 வரை இக்கல்லூரிகளில் கட்டணமே இல்லை. அந்த ஆண்டில் புகுந்த கட்டணம், 2012 முதல் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். மாறுவதற்கு வேண்டிய 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். ஏழைகளுக்கு விலக்கு உண்டு. பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக்கே பதினாலாயிரத்துக்கு மேல் என்பதைப் பார்த்தால் இது மலிவு. ஆனால் வீட்டு வாடகைக்கு விலக்கு ஏது? வேலை நேரமும் வகுப்பு நேரமும் மோதினால் எது தோற்கும்? ஒரு பல்கலைக்கழகம் ஏற்கும் பாடத்தை இன்னொன்று ஏற்காவிட்டால், உழைத்த ஆறு மாதம் வீண்!

தடைகள் அசைக்க முடியாதவையும் அல்ல. 2010-இல் வந்த சட்டப்படி, வகுத்த 60 யூனிட்டை முடித்து மாற்றுப் பட்டம் பெற்றவனுக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. அங்கே மேலும் 60 முடித்தால் பட்டம். சமூகவியலும் அதில் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. 2017-இல் இன்னொரு சட்டம் வந்தது. கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேர்வு வைத்து, கணக்கில் சேராத கீழ்வகுப்புகளில் ஆண்டுக்கணக்காக அடைத்துவைத்த வழக்கத்தை அது உடைத்தது. நேராக மேல்வகுப்பில் உட்காரவைத்தபோது, முதலாண்டிலேயே தேறியவர் தொகை உயர்ந்தது. அப்படியானால் குறை பிள்ளைகளின் மூளையிலா இருந்தது?

ஆகவே, தோழர்களே, "கதவு திறந்திருக்கிறது" என்று எவர் சொன்னாலும் கைதட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை பேர் நுழைந்தார்கள் என்ற கணக்கோடு, எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கையும் கேளுங்கள். ஏறாதவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன், படிக்கட்டைச் சோதியுங்கள்!