கரையேறும் படகு

மிதக்கும் படகின் எடையைத் தண்ணீர் அதன் அடிப்பாகம் முழுவதும் பரவலாகத் தாங்கிக்கொள்கிறது. கரைக்கு வந்ததும் அதே எடை இரண்டு மூன்று இடங்களில் மட்டும் குவிகிறது. பல ஆண்டு அலைகளுக்கு அசையாத படகு கரையில் அரை மணி நேரத்தில் விரிசல் விடுவது இதனால்தான். எனவே படகைக் கரையேற்றும் வேலைக்கு ஆள்பலம் மட்டும் போதாது. எடை எந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கணக்கும் வேண்டும். மும்பை மீனவர் மழைக்காலத்துக்கு முன் போடும் கணக்கும், ஓய்வுநேரப் படகோட்டி டிரெய்லரிலிருந்து வீட்டுக் கார் ஷெட்டுக்குள் படகை இறக்கும்போது போட வேண்டிய கணக்கும் ஒன்றேதான்.

மும்பையின் டிராம்பே என்றதும் பலருக்கு நினைவு வருவது 1956 ஆகஸ்ட் 4 அன்று அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கிய இடம். மும்பைத் தமிழர்களுக்கோ சீத்தா கேம்ப். 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் கொண்டுவந்து விடப்பட்ட குடியிருப்பு அது. இவற்றுக்கெல்லாம் வெகுகாலம் முந்தியது அங்குள்ள கோலி மீனவர்களின் குடியிருப்பான கோலிவாடா. அதன் எதிரே இருப்பது திறந்த கடலல்ல, தானே உப்பங்கழி. மெரினாவைப் போல மணல் விரிந்த கரையும் இல்லை. அலையாத்தி மரங்களும், கணுக்கால் புதையும் சேறும்தான். நீர் வற்றும்போது படகுகள் இருந்த இடத்திலேயே சேற்றில் சாய்ந்து உட்கார்ந்துவிடும்.

மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எஞ்சின் இல்லாத பாரம்பரியப் படகுகளுக்குத் தடை இல்லை. தடை என்பது மீன்வளம் காக்கப் பிறந்த சட்டம். ஆனால் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றே அந்தச் சட்டத்தை முன்கூட்டி எழுதி வைத்துவிட்டது. அந்த மாதங்களில் படகைத் தண்ணீரில் கட்டிவைத்தால் காற்றும் அலையும் அதைப் பக்கத்துப் படகோடு மோதவிடும். ஆகவே படகு கரையேற வேண்டும்.

சேற்றுக் கரையில் படகை யார் இழுப்பது? பெரும்பகுதி வேலையைக் கடலே செய்துவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பையில் நீர்மட்டம் ஒரே நாளில் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அட்டமியை ஒட்டி அந்த வேறுபாடு வெகுவாகக் குறையும். இங்கே அமாவாசை, பௌர்ணமி ஏற்றம் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் வருவது இன்னொரு வசதி. வெளிச்சத்திலேயே வேலை முடியும். பெரிய ஏற்றத்தில் படகை முடிந்தவரை உள்ளே மிதக்கவிட்டு, கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, முன்பே போட்டு வைத்த கட்டைகளுக்கு நேர்மேலே நிறுத்தினால் போதும். நீர் வற்ற வற்றப் படகு தானாகவே கட்டைமேல் உட்காரும். ஆனால் அங்கேயே விட்டுவிட முடியாது. மழைக்காலத்து ஏற்றம் இன்னும் உயரமாக வரும் என்பதால், அங்கிருந்து மேட்டுக்கு இழுத்தாக வேண்டும்.

அங்கேதான் எடைக் கணக்கு கைக்கு வருகிறது. படகு 400 கிலோ, சரிவு பத்தடிக்கு ஓரடி ஏற்றம் என்று கொள்வோம். சரிவுக்காக மட்டும் 40 கிலோ இழுவிசை தேவை. மரத்தின்மேல் மரம் உரசும் உராய்வு அதோடு நூறு கிலோவுக்கும் மேல் சேர்க்கும். அதாவது படகை மேட்டில் ஏற்றுவதைவிட உராய்வை வெல்வதுதான் பெரிய செலவு. அதனால் முதலில் குறைக்க வேண்டியது உராய்வை: கட்டையில் கிரீஸ் தடவலாம், உருட்டுக்கட்டை போடலாம். கப்பியில் மூன்று கயிறாகச் சுற்றினால் மிச்சமுள்ள இழுவிசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். பதிலுக்கு ஓரடி நகர மூன்றடி கயிறு இழுக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டு மணல் கரையில் இந்தச் சிக்கல் வேறு விதமாகத் தீர்ந்தது. கட்டுமரத்தைக் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தனித்தனி மரங்களாகப் பிரித்துத் தோளில் தூக்கிப்போய்க் காயவைத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய பைபர் படகுகளைப் பிரிக்க முடியாது. முன்னும் பின்னும் கயிற்று வளையத்தில் கழி நுழைத்துத் தோள் கொடுத்துத் தூக்குவார்கள், இல்லையென்றால் டிராக்டர் வந்து இழுக்கும்.

வீட்டுக்கு வரும் படகு சிறியதாக இருக்கலாம், சிக்கல் சிறியதல்ல. கார் ஒன்று நிற்க ஒதுக்கும் இடம் பெரும்பாலும் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். 14 அடிப் படகு 4.3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, தாராளமாக அடங்கும். டிரெய்லரின் கொக்கி முனை அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால் இரண்டும் சேர்ந்து உள்ளே போவதில்லை. உயரமும் ஷட்டரில் இடிக்கலாம். இதனால்தான் படகைத் தனியே இறக்க வேண்டியிருக்கிறது. மிகச் சிறியவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. சிறுவர்கள் பாய்மரம் பழகும் ஆப்டிமிஸ்ட் 35 கிலோதான். லேசர் படகின் உடல் 59 கிலோ. நாலு பேர் சேர்ந்தால் கையிலேயே தூக்கிவிடலாம். அதற்குமேல் போனால் முறை வேண்டும்.

முதல் வேலை எடையைக் குறைப்பது. வெளிப்புற எஞ்சின், பேட்டரி, பெட்ரோல் தொட்டி, நங்கூரம் எல்லாம் இறங்கட்டும். வடிகால் அடைப்பானைக் கழற்றி, படகின் முன்பக்கத்தை உயர்த்தி, உள்ளே தேங்கியிருக்கும் நீரை ஒழுகவிட வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. பலகைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஐம்பது அறுபது கிலோ ஒளிந்திருப்பது சாதாரணம்.

அடுத்த படியில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். காரிலிருந்து டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் படகைப் பின்பக்கமாகத் தள்ளுவார்கள். படகின் எடை பாதிக்குமேல் அச்சைத் தாண்டிப் பின்னால் போன கணத்தில் டிரெய்லரின் வால் தரையில் மோதும்; கொக்கி முனை, பக்கத்தில் நிற்பவரின் தாடையை நோக்கி எழும்பும். டிரெய்லர் காரோடு பூட்டியபடியே இருக்க வேண்டும், அல்லது வால்பக்கத்துக்கு அடியில் கனமான முட்டு கொடுத்திருக்க வேண்டும்.

உண்மையில் படகை டிரெய்லரிலிருந்து எடுப்பதைவிட, படகுக்கு அடியிலிருந்து டிரெய்லரை எடுப்பது எளிது. டிரெய்லரின் அகலத்தைவிட நீளமான இரண்டு வலுவான உத்திரக் கட்டைகளைப் படகுக்குக் குறுக்கே, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் நுழைக்க வேண்டும். உள்ளே குறுக்குத் தடுப்பு இருக்கும் இடமாகப் பார்த்து வைப்பது நல்லது. வெறும் பைபர் தகட்டின்கீழ் கட்டை பட்டால் அந்த இடம் குழிந்துவிடும். உத்திரங்களின் நுனிகளைச் சக்கரங்களுக்கு வெளியே ஜாக்கி வைத்துச் சிறிது சிறிதாக உயர்த்தி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய மரக்கட்டைகள்மேல் நிறுத்த வேண்டும். ஹாலோ பிளாக்கை நம்பக்கூடாது. அதைப் படுக்கவைத்துப் பாரம் ஏற்றினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உடையும். படகு டிரெய்லரை விட்டு இரண்டு விரற்கடை மேலெழும்பியதும் காரை மெல்ல நகர்த்தினால் டிரெய்லர் வெளியே வந்துவிடும். பிறகு முன்பக்கம் ஒரு கட்டை, பின்பக்கம் ஒரு கட்டை என மாறிமாறி உருவிக்கொண்டே இறக்க வேண்டும். இடையில் எந்தக் காரணத்துக்காகவும் கையோ காலோ படகுக்கு அடியில் போகக்கூடாது. ஜாக்கி தூக்குவதற்கான கருவி; தாங்குவதற்கு அடுக்கிய கட்டை இருக்கிறது.

கீழே காத்திருக்க வேண்டியது, பூட்டு வைத்த நான்கு சக்கரங்கள் பொருத்திய தாழ்வான மரச்சட்டம். எடையின் பெரும்பகுதி அடிக்கட்டைமேல் நிற்க வேண்டும். பக்கத்து முட்டுகளுக்குப் படகைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்தான். சட்டம் இல்லையென்றால் இரும்புக் குழாய் அல்லது உருட்டுக்கட்டை மூன்று போதும். எப்போதும் குறைந்தது இரண்டு, படகுக்கு அடியில் இருக்க வேண்டும். பின்னால் விடுபட்டதை எடுத்து முன்னால் போட்டபடி தள்ளலாம். படகைத் திருப்ப வேண்டுமானால் அதன் உடலைத் தள்ளக்கூடாது. முன் உருளையைச் சற்றுக் கோணலாகப் போட்டால் படகு தானே அந்தப் பக்கம் திரும்பும். தரை சரிவாக இருந்தால் பின்னாலிருந்து ஒருவர் கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பது அவசியம்.

கரையேறிய படகுக்கு எதிரிகள் மாறிவிடுகிறார்கள். மரப்படகு கரையில் இருப்பதால் கப்பல்புழு சாகும், அது நல்லது. ஆனால் மழைநீர் தேங்கினால் மரம் உளுத்துப்போகும், உப்புநீரில் நனைவதைவிட வேகமாக. நெடுநாள் வெயிலில் காய்ந்தால் பலகைச் சந்துகள் பிளந்துகொள்ளும். இந்தியக் கரைகளில் மரத்துக்குச் சுறா எண்ணெய் பூசிய வழக்கத்துக்கு இதெல்லாம்தான் காரணம். பெட்ரோல் தொட்டி மூடிய ஷெட்டுக்குள் இருக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து நிற்கும்.

திறந்த வெளியில் வைப்பவர் ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. சதுர மீட்டருக்கு 944 லிட்டர். மூடாமல் விட்ட எந்தப் படகும் அன்று தொட்டியாகியிருக்கும், கீழிருந்த முட்டுகள் அந்தப் பாரத்துக்கு நின்றிருக்காது. தார்ப்பாயை நடுவில் கழி கொடுத்துக் கூரைபோல் கட்டி, வடிகாலைத் திறந்தே விட வேண்டும்.

தடை முடிந்தாலும் கோலிகளின் வழக்கப்படி கடலுக்குப் போகும் நாள் நாரளி பூர்ணிமா. தமிழ் வீடுகளில் பெரும்பாலும் ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமி. கடலுக்குத் தேங்காய் படைத்துவிட்டுப் படகை இறக்குவார்கள். வீட்டுப் படகை இறக்குபவர் அதற்குமுன் பார்க்க வேண்டியது வடிகால் அடைப்பானை. கரையில் திறந்து வைத்ததை மாட்ட மறந்து, நீரில் இறக்கிய சில நிமிடங்களில் படகு நிறைவது எங்கும் நடக்கும் கூத்து. கழற்றும் அன்றே அடைப்பானை ஒரு கயிற்றில் கோத்து எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியில் கட்டிவிட வேண்டும். அதை அவிழ்க்காமல் யாரும் எஞ்சினைக் கிளப்ப முடியாது.